இடம் தெரியாத பாக்டீரியா தொற்று: தேடுவது முதல் கோடு போடுவது வரை முழு வழிகாட்டி

காய்ச்சல் 39 டிகிரி. உடம்பைத் தூக்கிப் போடும் குளிர்நடுக்கம். வெள்ளணுக்கள் 18,000, அழற்சியைக் காட்டும் சிஆர்பி பல மடங்கு ஏறியிருக்கிறது. ஆனால் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சிறுநீரில் சீழ் செல்கள் இல்லை, வயிற்றை எங்கே அழுத்தினாலும் நோயாளி முகம் சுளிக்கவில்லை. பாக்டீரியா உள்ளே எங்கோ இருக்கிறது என்று எல்லாமே சொல்கின்றன, எங்கே என்று மட்டும் எதுவும் சொல்லவில்லை. இப்படி ஒரு நோயாளியை வார்டில் பார்க்கிற டாக்டருக்கும், பத்து நாள் கழித்து அதே சார்ட்டைத் திரையில் திறந்து, நோயறிதலை எண் குறியீடாக (கோடாக) மாற்றுகிற மெடிக்கல் கோடருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு பேருக்கும் ஒரே வழிகாட்டி எதற்கு என்று கேட்கலாம். டாக்டர் "பாக்டீரியா தொற்று" என்று இரண்டே சொல் எழுதி நிறுத்தினால், கோடருக்கு ஏ49.9, அதாவது பெயரும் இடமும் தெரியாத பாக்டீரியா தொற்று என்ற கோடைப் போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அந்தக் கோடைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: தேடியும் கிடைக்கவில்லையா, தேடவே இல்லையா? தேடியும் கிடைக்கவில்லை என்றால் அது நேர்மையான விடை. தேடவே இல்லை என்றால் எங்கோ ஒரு முதுகெலும்பிலோ இதய வால்வின் ஓரத்திலோ அந்தத் தொற்று மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கலாம். அதனால் "இடம் தெரியவில்லை" என்று எழுத உரிமை வேண்டுமானால் முதலில் தேடியிருக்க வேண்டும், தேடியது சார்ட்டில் தெரிய வேண்டும்.

இது மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான குறிப்பு. காய்ச்சலோடு வீட்டில் இருப்பவர் இதைப் பார்த்து ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

படி 1: தேடலாமா, உடனே மருந்தா?

எந்த இடம் என்று யோசிப்பதற்கு முன் ஒரு கேள்வி. இவருக்கு நேரம் இருக்கிறதா? குழம்பிப் பேசுகிறாரா, மூச்சு நிமிடத்துக்கு 22-ஐத் தாண்டுகிறதா, மேல் ரத்த அழுத்தம் 100-க்குக் கீழே வந்துவிட்டதா, முழங்கால் மேல் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கிறதா, சிறுநீர் குறைந்துவிட்டதா, லாக்டேட் 2 மில்லிமோலுக்கு மேலா என்று பார்க்க வேண்டும். இதில் எதுவும் தனியாக நின்று செப்சிஸை உறுதி செய்யாது, எது இல்லாவிட்டாலும் செப்சிஸ் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் சேர்த்துப் பார்த்தால் நோயாளியின் நிலை தெரிந்துவிடும்.

2016-இல் வந்த வரையறைப்படி செப்சிஸ் என்பது தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுப்பாடற்ற எதிர்வினையால் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்குவது. உறுப்புகளின் செயலிழப்பை அளக்கும் சோஃபா மதிப்பெண் 2 அல்லது அதற்கு மேல் ஏறினால் அது. 2021-இன் சர்வைவிங் செப்சிஸ் வழிகாட்டுதல் நேரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. அதிர்ச்சி நிலை (ஷாக், ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போவது) இருந்தாலோ செப்சிஸ் என்பது ஏறக்குறைய உறுதியானாலோ ஆன்டிபயாடிக் 1 மணி நேரத்துக்குள். செப்சிஸாக இருக்கலாம், ஆனால் அதிர்ச்சி நிலை இல்லை என்றால், வேகமாகச் சோதித்துப் பார்த்து, சந்தேகம் அப்படியே நின்றால் 3 மணி நேரத்துக்குள். இந்த இரண்டாவது பிரிவுதான் முக்கியம், ஏனென்றால் காய்ச்சல் அடிக்கும் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு முதல் நிமிடத்திலேயே ஊசி போட வேண்டியதில்லை, யோசிக்க இடம் இருக்கிறது.

முக்கியமான விதிவிலக்கு, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 500-க்குக் கீழே இறங்கிய புற்றுநோய் நோயாளி. அவருக்கு 38.3 ஒரு முறை வந்தாலே போதும், அல்லது 38 டிகிரி ஒரு மணி நேரம் நின்றாலே போதும். சீழ் உண்டாக்க வெள்ளணு இல்லாததால் தொற்று இருக்கும் இடத்தில் சிவப்போ வீக்கமோ தெரியாது. கல்ச்சர் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்துவிட்டு, சூடோமோனாஸ் என்ற கிருமியையும் பிடிக்கும் மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். மண்ணீரல் எடுத்தவர்களும் இதே அவசரப் பட்டியலில்தான் வருகிறார்கள்.

படி 2: பிளட் கல்ச்சர், கொஞ்சம் விரிவாக

இடம் தெரியாத தொற்றில் ஒரே ஒரு சோதனைதான் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நான் ஸ்கேனைக் கேட்க மாட்டேன், ஒழுங்காக எடுத்த பிளட் கல்ச்சரைக் கேட்பேன். ஆனால் அதிகமாகக் கெட்டுப்போவதும் அதுதான்.

பெரியவர்களுக்கு 2 அல்லது 3 செட். ஒரு செட் என்றால் ஆக்சிஜன் உள்ள பாட்டில் ஒன்று, ஆக்சிஜன் இல்லாத பாட்டில் ஒன்று. ஒவ்வொன்றிலும் 8 முதல் 10 மில்லி. ஒவ்வொரு செட்டும் வேறு வேறு குத்து, ஒரே ஊசியில் எடுத்த ரத்தத்தைப் பிரித்து ஊற்றினால் அது இரண்டு செட் ஆகாது. இந்த அளவு ஏன் என்றால், பெரியவர்களின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஒரு பாக்டீரியா கூட இல்லாமல் போகலாம், 3 மில்லி மட்டும் எடுத்தால் அது ஊசிக்குள் வராமலே போய்விடும். ஒரு செட் மட்டும் எடுத்தால் கணிசமான பாக்டீரிமியாக்கள் (ரத்தத்தில் பாக்டீரியா இருப்பது) தவறும், மூன்று எடுத்தால் ஏறக்குறைய எல்லாமே அகப்படும்.

எடுக்கும் முறை: குளோர்ஹெக்சிடின் ஆல்கஹாலால் தோலைத் தேய்த்துவிட்டு உலரும் வரை காத்திருக்க வேண்டும், ஈரத்திலேயே குத்தினால் தேய்த்ததே வீண். பாட்டில் மூடியைத் திறந்த பிறகு தெரியும் ரப்பரையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், அது கிருமிநீக்கம் செய்யப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. பட்டர்ஃபிளை ஊசியானால் ஆக்சிஜன் பாட்டில் முதலில், ஏனென்றால் குழாயில் இருக்கும் காற்று அதில் போகட்டும். சிரிஞ்சில் எடுத்தால் ஆக்சிஜன் இல்லாத பாட்டில் முதலில். அப்புறம் எந்தக் கையில், எத்தனை மணிக்கு என்று லேபிளில் எழுத வேண்டும். சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் போட்டு வைத்த குழாய்) இருந்தால் லைனிலிருந்து ஒன்றும் கையிலிருந்து ஒன்றும் ஒரே நேரத்தில். லைன் பாட்டில் மற்றதைவிட 2 மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாக வளர்ந்தால், தொற்று லைனில்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஆன்டிபயாடிக்குக்கு முன்னால் எடுக்க வேண்டும். அதற்காக ஊசியை ஒரு மணி நேரம் தள்ளிப்போடக் கூடாது, 45 நிமிடத்துக்குள் எடுக்க முடியவில்லை என்றால் மருந்தைத் தொடங்கிவிட்டு எடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் அடுத்த சிக்கல். கோகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃபிலோகாக்கஸ், கோரினிபாக்டீரியம், க்யூடிபாக்டீரியம், மைக்ரோகாக்கஸ் போன்றவை ஒரு செட்டில் மட்டும் வந்தால் பெரும்பாலும் தோலிலிருந்து வந்த கலப்படம். இரண்டு மூன்று செட்டிலும் ஒரே கிருமி வந்தாலோ, நோயாளிக்கு செயற்கை வால்வு, பேஸ்மேக்கர், லைன் இருந்தாலோ அப்படித் தள்ளிவிடக் கூடாது. ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஒரே ஒரு பாட்டிலில் வந்தாலும் அது உண்மையான தொற்றுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள், கலப்படம் என்று எழுதி மூடாதீர்கள்.

படி 3: கேட்பதும் பார்ப்பதும்

ஸ்கேனுக்குப் போகும் முன் இருபது நிமிடம் இதற்குச் செலவழியுங்கள். கேள்விகள்: கடந்த மூன்று மாதத்தில் பல் சிகிச்சை, அறுவை, சிஸ்டோஸ்கோபி, ஊசி, பச்சை குத்தியது ஏதாவது உண்டா? உடலுக்குள் உலோகமோ பிளாஸ்டிக்கோ இருக்கிறதா? விலங்குகளோடு வேலையா, காய்ச்சாத பால் குடித்தாரா, வயலில் வெறுங்காலோடு நின்றாரா, எங்கே பயணம் போனார்? காய்ச்சலுக்கு இதற்கு முன் என்ன மாத்திரை சாப்பிட்டார்? கடைசிக் கேள்விக்கு "ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் மூணு நாள்" என்று பதில் வந்தால், கல்ச்சர் சுத்தமாக வந்ததை நம்ப முடியாது.

பிறகு உடையைக் கழற்றச் சொல்லிப் பார்க்க வேண்டும். காலுறையோடு பார்த்த கால் பார்க்காத கால்தான். நகத்துக்கு அடியில் மரச்சிராய் போன்ற ரத்தக் கோடுகள், கீழ் இமையை இழுத்தால் தெரியும் சிவப்புப் புள்ளிகள், புதிதாகக் கேட்கும் இதய முணுமுணுப்பு, இவை மூன்றும் வால்வைச் சொல்கின்றன. முதுகெலும்பை மேலிருந்து கீழாக ஒவ்வொரு எலும்பாகக் கை முஷ்டியால் மெதுவாகத் தட்டுங்கள், ஓர் எலும்பில் மட்டும் நோயாளி துள்ளினால் அதைக் குறித்து வையுங்கள். பற்களைத் தட்டிப் பாருங்கள். இடுப்பைப் பின்னால் நீட்டும்போது வலித்தால், முதுகெலும்பையும் தொடையையும் இணைக்கும் சோவாஸ் தசையில் சீழ் இருக்கலாம். ஆசனவாயைச் சுற்றியும், கால் விரல் இடுக்குகளிலும், உச்சந்தலையிலும், கட்டு போட்டு மூடிய பழைய கேனுலா போட்ட இடத்திலும் பாருங்கள். ஆண்களில் ப்ராஸ்டேட்டை மென்மையாகத் தொட்டுப் பார்க்க வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. வெள்ளணு இறங்கிய நோயாளிக்கு மலவாய் சோதனை வேண்டாம்.

அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்துக்குக் கீழ் மடிப்பு: இங்கே சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரிந்திருக்காது. அது உண்ணிக்காய்ச்சலின் அடையாளம். நான்கு நாள் செஃப்ட்ரியாக்சோன் கொடுத்தும் காய்ச்சல் இறங்காமல், அந்தப் பொருக்கைப் பார்த்து டாக்சிசைக்ளின் கொடுத்ததும் 48 மணி நேரத்துக்குள் இறங்கியதைப் பார்த்தவர்கள் அப்புறம் அக்குளைப் பார்க்காமல் விடவே மாட்டார்கள். ரிக்கெட்சியா வகைக் கிருமிகள் செல்லுக்குள் வாழ்பவை, செஃப்ட்ரியாக்சோன் போன்ற பீட்டா லாக்டம் மருந்து அவற்றைத் தொடாது.

இந்தப் பரிசோதனையை ஒரு நாள் செய்தால் போதாது. தினமும் செய்யுங்கள். முதல் நாள் இல்லாத முணுமுணுப்பு ஐந்தாம் நாள் கேட்கலாம்.

படி 4: கிருமியே வழிகாட்டும்

கல்ச்சரில் பெயர் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் ஒவ்வொரு கிருமிக்கும் பிடித்த வீடு உண்டு. ஈகோலை என்றால் சிறுநீரகம், பித்தப்பை, குடல். கிளெப்சியெல்லா என்றால் இவற்றோடு கல்லீரல் சீழ்க்கட்டியும். அந்த வகைக் கிளெப்சியெல்லாவில் சிலது கண்ணுக்குள் போய்ப் பார்வையையே பறித்துவிடும், அதனால் பார்வை மங்கலா என்று கேட்க வேண்டும். விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வாயிலிருந்து வந்து வால்வில் உட்காரும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்சினோசஸ் குழு சீழ்க்கட்டி கட்டும், கல்லீரலிலும் நுரையீரலிலும் மூளையிலும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காலோலிட்டிகஸ் வந்தால் வால்வுக்கு எக்கோவும், பெருங்குடல் கட்டிக்கு கொலனோஸ்கோபியும் இரண்டுமே வேண்டும். கிளாஸ்ட்ரிடியம் செப்டிகம் வந்தாலும் குடல் புற்றுநோயை நினைக்க வேண்டும். இளைஞருக்குத் தொண்டை வலி வந்துபோன பின் ஃபியூசோபாக்டீரியம் வந்தால், கழுத்துச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று ஸ்கேன். 50 வயதைத் தாண்டியவரின் ரத்தத்தில் டைஃபாய்டு அல்லாத சால்மொனெல்லா வந்தால் வயிற்றுப் பெருந்தமனியைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு பர்க்ஹோல்டேரியா சூடோமல்லாய் வந்தால் அது மெலியோய்டோசிஸ், மண்ணீரலிலும் ப்ராஸ்டேட்டிலும் சீழ் தேட வேண்டும், சிகிச்சை மாதக்கணக்கில் போகும்.

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தனிக் கதை. வால்வு, முதுகெலும்பு, மூட்டு, தசை, லைன் என்று எங்கும் போய் ஒட்டிக்கொள்ளும். இது வந்தால் எல்லோருக்கும் எக்கோ, 24 முதல் 48 மணி நேரத்துக்கு ஒரு முறை கல்ச்சர் சுத்தமாகும் வரை மீண்டும் கல்ச்சர், எந்த இடத்தில் வலி சொன்னாலும் அங்கே படம். நான்காம் நாளும் கல்ச்சர் வளர்ந்துகொண்டே இருந்தால் எங்கோ ஒரு கிடங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்ச்சர் எதுவுமே வளரவில்லை, காய்ச்சல் மட்டும் நிற்கவில்லை என்றால், காக்சியெல்லா, பார்ட்டோனெல்லா, புருசெல்லா, லெப்டோஸ்பைரா ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகள். காசநோயையும் மறக்க வேண்டாம். 1961-இல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் இருவரும் காரணம் தெரியாத காய்ச்சலுக்கு வரையறை தந்தார்கள்: 38.3-க்கு மேல், பல முறை, 3 வாரம், ஒரு வார மருத்துவமனைச் சோதனைக்குப் பிறகும் விடை இல்லை. அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் தொற்றே அல்லாத காரணங்களும், லிம்ஃபோமா, வாத நோய்கள், மருந்தால் வரும் காய்ச்சல் எல்லாம், பட்டியலில் சம இடம் பெற வேண்டும். பாக்டீரியா என்று முதல் நாள் எழுதிவிட்டோம் என்பதற்காக மூன்றாம் வாரமும் அதையே பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

படி 5: படம் எடுப்பது

சுருக்கமாகச் சொல்கிறேன். வயிறு இடுப்பு இரண்டுக்கும் கான்ட்ராஸ்ட் சிடி, மறைந்த சீழைப் பிடிக்க நல்ல முதல் படி. முதுகு வலிக்கு எம்ஆர்ஐ, சாதாரண எக்ஸ்ரே ஆரம்ப வாரங்களில் ஒன்றும் காட்டாது. வால்வுக்கு மார்பின் வழி எக்கோ, சந்தேகம் விடவில்லை என்றால் உணவுக்குழாய் வழி எக்கோ. எல்லாம் முடிந்தும் தெரியவில்லை என்றால் பெட் சிடி. ப்ரோகால்சிடோனின் என்ற ரத்தப் பரிசோதனை, ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்தலாம் என்பதற்கு உதவும், தொடங்கலாமா வேண்டாமா என்பதை அதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், இடத்தை அது சொல்லவே சொல்லாது.

படி 6: சிகிச்சை

இடம் தெரியாதபோது தொடங்கும் மருந்து ஊகம்தான். ஆனால் படித்த ஊகமாக இருக்க வேண்டும். தொற்று வெளியிலிருந்து வந்ததா மருத்துவமனையில் வந்ததா, முன்பு எதிர்ப்புக் கிருமி வளர்ந்ததா, அந்த மருத்துவமனையின் ஆன்டிபயோகிராம் (அங்கே எந்தக் கிருமிக்கு எந்த மருந்து வேலை செய்கிறது என்ற பட்டியல்) என்ன சொல்கிறது, அலர்ஜி, சிறுநீரகம், கர்ப்பம், இவ்வளவையும் ஒரு நிமிடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலினை எதிர்க்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்) வாய்ப்பு இருந்தால் வான்கோமைசின் சேர்க்கலாம், இல்லாதவருக்கும் பழக்கத்தில் சேர்ப்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும். செஃப்ட்ரியாக்சோன், பிபெராசிலின் டேசோபாக்டம், மெரோபெனம் என்று போகும் ஏணியில் நோயாளியின் நிலைக்கு எந்தப் படி வேண்டுமோ அதில்தான் நிற்க வேண்டும். செப்சிஸால் ரத்த அழுத்தம் இறங்கியிருந்தால், முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி என்ற கணக்கில் நரம்பு வழித் திரவம், சராசரித் தமனி அழுத்தம் 65-ஐத் தொடவில்லை என்றால் நார்அட்ரினலின்.

48 முதல் 72 மணி நேரத்தில் நின்று யோசிக்க வேண்டும், இதைச் சார்ட்டில் ஒரு தலைப்பாகவே எழுதுங்கள். கிருமி வந்ததா? மருந்தைக் குறுக்கலாமா? கல்ச்சர் சுத்தம், நோயாளி தெளிவு, வேறு காரணம் கிடைத்தது என்றால் நிறுத்தலாமா? எம்எஸ்எஸ்ஏ (மெத்திசிலினுக்குக் கட்டுப்படும் ஆரியஸ்) என்று வந்த பிறகும் வான்கோமைசினிலேயே இருப்பது நல்லதல்ல, செஃபசோலினோ க்ளாக்சசிலினோ இந்தக் கிருமியை அதைவிட நன்றாகக் கொல்லும். இது மருந்தைக் குறைப்பது போலத் தோன்றும், உண்மையில் கூட்டுவது.

சீழ் இருந்தால் வடிக்க வேண்டும், லைன் கெட்டிருந்தால் எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஆன்டிபயாடிக்கை மட்டும் மாற்றிக்கொண்டே போவது வீண்.

எத்தனை நாள்? 2024-இல் வெளியான பேலன்ஸ் ஆய்வு ரத்த ஓட்டத் தொற்றில் 7 நாள் சிகிச்சை பலனில் 14 நாளைவிடக் குறைந்ததல்ல என்று காட்டியது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், செயற்கை வால்வு, கடுமையான எதிர்ப்பாற்றல் குறைவு, வடிக்காத சீழ் ஆகியவை அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை, அதனால் அவர்களுக்கு 7 நாள் பொருந்தாது. ஆரியஸுக்குக் குறைந்தது 14 நாள், அதுவும் கல்ச்சர் சுத்தமான முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். வால்விலோ எலும்பிலோ பரவியிருந்தால் 4 முதல் 6 வாரம்.

படி 7: கோடிங்

இங்கே நான் பேசுவது ஐசிடி-10-சிஎம், அதாவது ஐசிடி என்ற சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியலின் அமெரிக்கப் பதிப்பு. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10-இல் ஏ49.0 அங்கேயே நின்றுவிடும், செப்டிக் அதிர்ச்சிக்கு ஆர்57.2 வரும். ஐசிடி-11 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, அதில் செப்சிஸ் 1ஜி40, அதிர்ச்சியோடு 1ஜி41. உங்கள் வேலை எந்தப் பதிப்பில் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சிஎம் பதிப்பு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1-ஆம் தேதி மாறும்.

ஏ49 என்றால் இடம் குறிப்பிடாத பாக்டீரியா தொற்று. உள்ளே: ஏ49.01 எம்எஸ்எஸ்ஏ, ஏ49.02 எம்ஆர்எஸ்ஏ, ஏ49.1 ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஏ49.2 ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே, ஏ49.3 மைக்கோபிளாஸ்மா, ஏ49.8 வேறு பெயர் தெரிந்த பாக்டீரியா, ஏ49.9 பெயரும் தெரியவில்லை இடமும் தெரியவில்லை. கிளாமிடியா, மெனிங்கோகாக்கஸ், ரிக்கெட்சியா, ஸ்பைரோகீட் இங்கே வராது, அவற்றுக்குத் தனி இடம் உண்டு.

அடிக்கடி நடக்கும் பிழை பி95, பி96-உடன் குழப்பிக்கொள்வது. இடம் தெரிந்த நோய்க்குக் காரணக் கிருமி எது என்று சொல்லக் கூடுதலாக வருவதுதான் பி95, பி96. சிறுநீர்த் தொற்று ஈகோலையால் என்றால் என்39.0, கூடவே பி96.20. வலது காலில் செல்லுலைட்டிஸ் (தோலடித் தொற்று), எம்எஸ்எஸ்ஏ என்றால் எல்03.115, பி95.61. இடம் தெரிந்த இந்த இரண்டிலும் ஏ49 வரக் கூடாது. கிருமியும் நோயும் ஒரே கோடில் அடங்கியிருந்தால், எம்ஆர்எஸ்ஏ நிமோனியாவுக்கு ஜே15.212 போல, பி கோடும் வேண்டாம்.

அடுத்தது சொற்கள். பாக்டீரிமியா என்று மட்டும் எழுதினால் ஆர்78.81. செப்சிஸ் என்று எழுதினால் ஏ40, ஏ41 பக்கம், கிருமி தெரியாவிட்டால் ஏ41.9. இரண்டையும் ஒரே எபிசோடில் சேர்த்துப் போடக் கூடாது. உறுப்புச் செயலிழப்பு செப்சிஸால் என்று டாக்டர் எழுதியிருந்தால் முதலில் ஏ41, பிறகு ஆர்65.20 அல்லது அதிர்ச்சியானால் ஆர்65.21, அப்புறம் எந்த உறுப்போ அது. ஆர்65.2 ஒருபோதும் முதல் நோயறிதலாக வராது. கல்ச்சர் சுத்தமாக வந்தது என்பதால் செப்சிஸ் கோடு தவறு ஆகிவிடாது, டாக்டரின் நோயறிதல்தான் கணக்கு. "யூரோசெப்சிஸ்" என்ற சொல்லுக்குக் கோடே கிடையாது, டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். பிறந்த குழந்தையின் செப்சிஸ் பி36 (இந்தப் பி ஆங்கில P, மேலே சொன்ன பி95, பி96-இல் வருவது B), பிரசவத்துக்குப் பிந்தைய செப்சிஸ் ஓ85, இவற்றில் ஏ அத்தியாயம் முதலில் வராது.

லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கோடர் தானே கோடு போடக் கூடாது. ஈகோலை வளர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், அது நோய் என்று டாக்டர் எழுத வேண்டும். "இருக்கலாம்", "சந்தேகம்" என்பவை வெளிநோயாளிக்குக் கோடு ஆகாது, அங்கே ஆர்50.9 காய்ச்சல் போன்ற அறிகுறிக் கோடுதான். உள்நோயாளியின் டிஸ்சார்ஜில் அதே சொற்கள் இருந்தால் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு கோடு போடலாம். மருந்து எதிர்ப்புக்கு இசட்16 கூடுதலாக வரும், ஆனால் எம்ஆர்எஸ்ஏ கோடுகளோடு இசட்16.11 வேண்டாம், எதிர்ப்பு அதிலேயே அடங்கிவிட்டது.

டாக்டருக்குக் கேள்வி அனுப்பும்போது விடையைத் திணிக்காதீர்கள். "செப்சிஸ் என்று எழுதலாமா?" என்பது தவறான கேள்வி. "முதல் நாள் லாக்டேட் 3.4, இரண்டு செட் கல்ச்சரில் ஈகோலை, மெரோபெனம் தரப்பட்டது. இதற்கான நோயறிதலைக் குறிப்பிட முடியுமா?" என்று கேட்டு, செப்சிஸ், பாக்டீரிமியா, கலப்படம், வேறு, தீர்மானிக்க முடியவில்லை என்று எல்லா வழிகளையும் திறந்து வையுங்கள்.

ஒரு நோயாளி, நான்கு கோடு

58 வயது ஆண், எடுத்துக்காட்டுக்காக. 6 நாள் காய்ச்சல். வெளிநோயாளிப் பிரிவில் டாக்டர் "பாக்டீரியா தொற்றாக இருக்கலாம்" என்று எழுதுகிறார். கோடு ஆர்50.9. சேர்க்கிறார்கள், 3 செட் கல்ச்சர், ரத்த அழுத்தம் சரி, லாக்டேட் 1.6. நர்ஸ் குறிப்பில் ஒரு வரி: "முதுகு வலிக்கிறது என்கிறார், படுத்தே இருப்பதால் என்று சொல்கிறார்."

மூன்றாம் நாள் எல்லா செட்டிலும் எம்எஸ்எஸ்ஏ. இங்கே டாக்டர் "எம்எஸ்எஸ்ஏ தொற்று" என்று மட்டும் எழுதி நிறுத்தினால் ஏ49.01. "எம்எஸ்எஸ்ஏ பாக்டீரிமியா" என்று எழுதினால் ஆர்78.81, பி95.61. இரண்டும் கோடிங்கில் சரி, ஆனால் நோயாளிக்கு இன்னும் விடை இல்லை.

அந்த நர்ஸ் குறிப்பை யாரோ ஒருவர் திரும்பப் படிக்கிறார். முதுகெலும்பைத் தட்டினால் இடுப்புப் பகுதியில் ஓரிடத்தில் துள்ளுகிறார். ஒரு மாதம் முன் கையில் வந்து தானே உடைந்த கொப்புளம் பற்றி அப்போதுதான் சொல்கிறார். எம்ஆர்ஐயில் இடுப்பு முதுகெலும்பில் எலும்புத் தொற்று. காலில் பலவீனமோ சிறுநீர் அடைப்போ இருந்திருந்தால் அன்றே அறுவைக் குழுவைக் கூப்பிட்டிருக்க வேண்டும், அது இல்லை. எக்கோ சுத்தம். செஃபசோலின், கல்ச்சர் சுத்தமான நாளிலிருந்து 6 வாரம். இப்போது கோடு எம்46.26, கூடவே பி95.61. ஏ49 போயே போய்விட்டது. செப்சிஸும் இருந்து, அது சேர்க்கும்போதே இருந்தது என்று டாக்டர் எழுதியிருந்தால் ஏ41.01 முதலில் வரும், எலும்பு அடுத்து.

14 நாளோடு அவரை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். பில் சரியாகத்தான் போயிருக்கும்.

கடைசியாக ஒன்று. டிஸ்சார்ஜ் அன்று கல்ச்சர் இன்னும் முடியவில்லை என்றால், பாட்டில்கள் 5 நாள் வரை ஓடும், அதை யார் பார்ப்பது, நோயாளியின் எந்த எண்ணுக்கு யார் போன் செய்வது என்று டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். ரிப்போர்ட் பிறகு வந்து, டாக்டர் அதைப் பார்த்துத் திருத்தக் குறிப்பு எழுதினால் கோடும் திருத்தப்படும், குறிப்பு எழுதவில்லை என்றால் ஏ49.9 அப்படியே நிற்கும்.